கப்பு வரும்வரை கத்தரி படாத தலை

என் தலைமுடியைப் பற்றிச் சித்தூரில் இரண்டு அபிப்பிராயங்கள் இருந்தன. ஒன்று என்னுடையது, மற்றது ஊருடையது. முன்நெற்றியில் ஒரு சுருள் எழும்பி நிற்க வேண்டும், காதோரம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும், பின்கழுத்தில் மெஷின் போட்ட தடம் தெரிய வேண்டும். இது என் கட்சி. பதினைந்து நாளைக்கு ஒருமுறை கடைத்தெரு சலூனில் உட்கார்ந்து, கத்தரி எங்கே போகிறது என்று கண்ணாடியில் காவல் காப்பேன். கலெக்டர் ஆபீசுக்குத் தலைப்பாகையோடு போகிற என் நைனா, "தலைல இன்னாடா அது, கோழிக்கொண்டையா?" என்பார். காலேஜ் படிக்கிறவனுக்கு உடுப்பு ஒரு கொள்கை என்பதை அவருக்கு விளக்கவே முடியவில்லை.

இன்னொரு பைத்தியம் கால்பந்து. ஆடத் தெரியாது. நான் உதைத்தால் பந்து பக்கவாட்டில்தான் போகும். ஆனால் எங்கள் ஊர் டீம் சர்ச் மைதானத்தில் பழகுகிற ஒரு சாயங்காலத்தைக்கூட நான் விட்டதில்லை. எங்கள் கோல்கீப்பர் வெல்ல மண்டியில் மூட்டை தூக்குகிறவர். நாங்கள் எல்லோரும் அவரை அண்ணன் என்போம். மூட்டையைப் பிடிப்பது போலவே பந்தையும் நெஞ்சோடு அணைத்துப் பிடிப்பார். ஆட்டத்துக்கு விசில் ஊதுவது ஹாலந்திலிருந்து வந்த ஃபாதர். தமிழும் தெலுங்கும் கலந்து பேசுவார். ஆனால் வேடிக்கை பேசும்போது மட்டும் தன் பாஷைக்குப் போய்விடுவார். "எங்க ஊர்ல கோலுக்கு 'டூல்' சொல்றது. வாழ்க்கைல ஒரு நோக்கம் வேணும்ல, அதுக்கும் 'டூல்' தான். அப்ப கோல் இல்லாத ஆட்டம் 'டூல்லோஸ்'. நோக்கமே இல்லாத ஆட்டம்!" என்று தொப்பை குலுங்கச் சிரிப்பார். கூடச் சிரிப்பவன் நான் ஒருவன்தான். நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்துக்கொண்டு மறுநாள் காலேஜில் சொன்னால், "அப்புறம்?" என்று கேட்டுவிட்டு நிற்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஜில்லாக் கோப்பை இறுதி ஆட்டம் திருப்பதியில் நடந்தது. எதிரணி திருத்தணி. எங்கள் பக்கம் கத்துவதற்கு நான் இருந்தேன். அவர்கள் பக்கம் ஒருவன் நின்றான். சைக்கிள் கடைக்காரன் என்றார்கள். அவனைப் பார்த்ததும் என் வயிறு எரிந்தது. என்னுடையதைவிட உயரமான சுருள், என்னுடையதைவிட ஒடுக்கமான பேண்ட். பாக்கெட்டிலிருந்து சீப்பை எடுத்து, ஆட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமலே தலை வாரினான். அதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு வருஷம் பிடிக்கும்.

இடைவேளை வரை கோல் இல்லை. அப்போதுதான் அவன் வேண்டுமென்றே எங்கள் காதில் விழும்படி கத்தினான்.

"முருகா! அதோ அந்தக் கப்பு எங்களுக்கு வந்தா, இந்த முடி உனக்கு!"

அவர்கள் பக்கம் ஒரே கைதட்டல். நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் நாங்கள் நின்ற இடத்திலிருந்து நிமிர்ந்தால் ஏழுமலை. சொந்த மலையின் அடியில் நின்றுகொண்டு திருத்தணிக்காரனிடம் தோற்பதா? மலையைப் பார்த்துக் கையைத் தூக்கி, "கோவிந்தா! கப்பு எங்களுக்கு வந்தா என் முடி உனக்கு!" என்று நானும் கத்திவிட்டேன். அண்ணன் உட்பட டீம் முழுவதும் "கோவிந்தா!" என்றது.

அதன்பிறகும் கோல் விழவில்லை. வெளிச்சம் மங்கியது. கடைசியில் திருத்தணிக்காரன் ஒருவன் பந்தோடு அண்ணனை நோக்கி ஓடிவந்தபோது, ஃபாதர் விசில் ஊதிவிட்டார்.

"பந்து தெரியலே. இன்னொரு நாள்."

கோப்பையைப் பந்தயக் காரியதரிசி திருப்பதியிலேயே ஒரு பீரோவில் வைத்துப் பூட்டினார்.

மறுவாரம் சலூனில் போய் உட்கார்ந்தேன். நாவிதர் துணியைப் போர்த்தவில்லை.

"ஏழுமலையானுக்கு வேண்டிக்கினியாமே? அண்ணன் சொன்னாரு."

"கப்பு வந்தாத்தான். இன்னும் வரலியே."

"வேண்டிக்கின முடில நான் கத்திரி வெச்சா என் கை வெளங்குமா? எந்திரு தம்பி, ஆளுங்க காத்துக்கினு இருக்காங்க."

எங்கள் பக்கத்து வழக்கம் இது. மலைக்கு என்று சொல்லிவிட்ட முடி, இறக்குகிறவரை நம்முடையது இல்லை. ஊரில் இருந்த ஐந்து சலூனிலும் செய்தி எனக்கு முன்னால் போயிருந்தது. நைனாவிடம் முறையிட்டேன். சந்தோஷம் தாங்கவில்லை அவருக்கு. "வளரட்டும்டா. எங்க தாத்தாவுக்கு இடுப்பு வரைக்கும் இருந்துச்சி" என்றார்.

மறு ஆட்டத்துக்கு நாள் குறித்தார்கள். மழை வந்து மைதானம் குளமானது. இரண்டாவது முறை குறித்தார்கள். காலேஜ் பரீட்சை வந்தது. மூன்றாவது முறை யாரும் குறிக்கவே இல்லை. நானே பஸ் ஏறித் திருப்பதிக்குப் போய்க் காரியதரிசியைக் கேட்டேன். ஆந்திரா தனியாகி வருஷங்கள் ஆகியும், எங்கள் ஜில்லாவில் எந்த ஊர் யாருக்கு என்பது மட்டும் முடியாமல் இழுத்துக்கொண்டிருந்த காலம் அது.

"திருத்தணி மெட்ராசுக்குப் போகும்னு சொல்றாங்க. போகாதுன்னும் சொல்றாங்க. ஜில்லாவுல இருக்கிற டீமுக்குத்தான் ஜில்லாக் கப்பு. அது தெரியாம நான் எப்பிடி நாள் வெக்கிறது?"

"எல்லையில கோடு போடுறதுக்கும் எங்க கோலுக்கும் இன்னா சார் சம்மந்தம்?"

"எங்கிட்ட கேட்டா? டெல்லில கேளு." என் தலையை ஒரு பார்வை பார்த்தார். "நாடகக் கம்பெனியில இருக்கியா?"

முடி காதை மூடியது. பிறகு காலரில் ஏறியது. வெள்ளைப் பேண்ட் தைத்து வைத்திருந்தேன், அந்தத் தலையோடு அதைப் போட்டால் பஜனை கோஷ்டி டவுனுக்கு வந்த மாதிரி இருந்தது. பஸ்ஸில் பின்னாலிருந்து ஒருவர், "கொஞ்சம் ஜருகம்மா" என்று தெலுங்கு கலந்து நகரச் சொன்னார். நான் திரும்பியதும் அவரே நகர்ந்துகொண்டார். காலேஜில் கடைசி வருஷ குரூப் போட்டோ எடுத்தார்கள். முன்வரிசைக்காக ஒரு வருஷமாக ஆசைப்பட்டவன், கடைசி வரிசையில், ஒரு நெட்டையனின் தோளுக்குப் பின்னால் நின்றேன். இன்றைக்கும் அந்தப் படத்தில் எனக்குப் பாதி முகம்தான்.

ஃபாதர்கூட விடவில்லை. "எங்க பாஷையில முடிக்கு 'ஹார்'. 'அவளோட' சொல்றதுக்கும் 'ஹார்' தான். உனக்கு ரெண்டும் சரி!" என்று சிரித்தார். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் வேடிக்கையை நான் எழுதி வைத்துக்கொள்ளவில்லை. "நீங்க அன்னிக்கி இன்னும் ரெண்டு நிமிஷம் விட்டிருந்தா?" என்றேன். "விட்டிருந்தா நீங்க தோத்திருப்பீங்க" என்றார். அதுவும் உண்மைதான். அதனால் கோபம் இன்னும் அதிகமானது.

ஒருவழியாக எல்லை முடிவானது. திருத்தணி மெட்ராசுக்குப் போயிற்று, சித்தூர் ஆந்திராவிலேயே நின்றது. அடுத்த வாரம் பஸ் கண்டக்டர் ஒருவர் தெலுங்குப் பேப்பரில் சுற்றிய பொட்டலத்தை வெல்ல மண்டியில் போட்டுவிட்டுப் போனார். உள்ளே கோப்பை. 'எதிரணி வேறு ராஜ்யத்தில் இருப்பதால் கோப்பை சித்தூருக்கே' என்று ஒரு வரிக் கடிதம்.

அண்ணன் அதைக் கையில் எடுக்கவில்லை. வெல்லத்தில் மொய்த்த ஈக்கள் கோப்பைக்கு மாறின.

"ஒரு பந்துகூட வரல, நானும் புடிக்கல. இது இன்னாத்துக்கு? பஸ்ஸுல வந்த பார்சலு."

நைனாவுக்கு அந்தச் சந்தேகமெல்லாம் இல்லை. "கப்பு வந்துச்சில்ல? கெளம்பு."

டீம் முழுவதும் கூட வந்து, மேளத்தோடு மலையேறுவதாக நான் கண்ட கனவு வேறு. தனியாகப் போனேன். மலையில் மொட்டை போடுகிற கல்யாணக் கட்டாவில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களில் ஒரு நாவிதர் என் தலையில் தண்ணீரைத் தெளித்து, தெலுங்கில் என்ன வேண்டுதல் என்று கேட்டார்.

"புட்பால்."

"கெலிச்சினாரா?" என்றார். ஜெயித்தீர்களா என்று.

நான் வாயைத் திறப்பதற்குள் கத்தி உச்சியிலிருந்து இறங்கிவிட்டது. எட்டு மாத முடி. மடியில் விழுந்ததைப் பார்த்தால் எனக்கே பயமாக இருந்தது. பாரம் போயிற்று. அவர் கேட்டது மட்டும் போகவில்லை. தரிசனத்தில் நின்றபோதும் அதுவே. கீழே இறங்கி வந்தவன் சித்தூர் பஸ் ஏறவில்லை. ரேணிகுண்டாவில் மாறி, திருத்தணி ரயிலைப் பிடித்தேன். ஒரு ஆட்டம் ஆடுங்கள் என்று அவர்களை நேரில் கேட்டுவிடுவது, அவ்வளவுதான் திட்டம்.

சைக்கிள் கடையைத் தேட வேண்டியிருக்கவில்லை, ஸ்டேஷன் பக்கத்திலேயே இருந்தது. தரையில் உட்கார்ந்து பங்ச்சர் ஒட்டிக்கொண்டிருந்தவனின் கூந்தல், பழைய டியூபில் வெட்டிய ரப்பர் வளையத்தால் கட்டப்பட்டுப் பின்கழுத்தில் கிடந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்தான். என் மொட்டையைப் பார்த்தான்.

"சித்தூரா?"

"ஆமா."

"எறக்கிட்டியா?"

"கப்பு வந்துடுச்சி. சும்மாவே குடுத்துட்டாங்க."

"கேள்விப்பட்டேன்." எழுந்து வந்து, கேட்காமலே என் தலையைத் தடவினான். "நல்லா இருக்குதுபா. காத்து வருது. எனக்கு?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எட்டு மாதமாக என் தலையைத் தவிர வேறு தலையை நான் நினைத்ததே இல்லை.

"வேற கப்பு ஏதாச்சும் உங்க டீம் ஜெயிச்சா..."

"அதோ அந்தக் கப்புன்னு கையக் காட்டி வேண்டிக்கினேன்யா. நீதான் பக்கத்துல நின்னுக்கினு கேட்டியே. இங்க பொண்ணு பாக்கப் போன எடத்துல பொண்ணோட அம்மா என்னப் பாத்துட்டு, இதுல மாப்ள யாருன்னு கேக்குறாங்க."

சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அவன் சிரிக்கவில்லை.

"ஞாயித்துக்கெழம கப்ப எடுத்துக்கினு வரேன்" என்றேன். "டீமையும் இட்டாரேன். இங்கியே ஆடலாம். ஜெயிச்சவங்களுக்குக் கப்பு."

"ரெஃப்ரி?"

"ஃபாதர்."

"காலைலியே ஆரம்பிக்கச் சொல்லு அந்தாள." கொஞ்சம் யோசித்தான். "உங்க கோல்கீப்பரு பந்த உட மாட்டாரே."

"நான் பேசுறேன்" என்றேன். அப்படிச் சொன்னது என் வாய்தானா என்று ரயிலில் வரும் வழியெல்லாம் எனக்குச் சந்தேகம்.

மண்டியில் அண்ணன் மூட்டையை இறக்கும்வரை காத்திருந்து, எல்லாவற்றையும் சொன்னேன். அந்த ரப்பர் வளையத்தையும் சொன்னேன். ஆட்டம் என்றதும் அவர் முகம் மலர்ந்தது. "ஒண்ணே ஒண்ணு உட்டுட்டா போதும்ணா" என்றதும் சுருங்கியது.

"முடிய எடுத்தவன் மூளையவும் சேத்து எடுத்துட்டானா? எட்டு மாசமா ஒரு பந்துக்குக் காத்துக்கினு இருக்கேன், உடச் சொல்றான் பாரு! வரச் சொல்லு, ஆடச் சொல்லு. போட முடிஞ்சா போட்டுக்கச் சொல்லு."

அதற்குமேல் அவரிடம் நிற்க முடியாது. தபாலாபீசில் நின்றபடியே திருத்தணிக்கு ஒரு கார்டு எழுதினேன். 'ஞாயிறு காலை வருகிறோம். அண்ணன் விடமாட்டாராம். அவருக்கு இடது கீழ் மூலை கொஞ்சம் பலவீனம். நன்றாகப் பழகிக்கொள்ளவும்.' எழுதி முடித்து, தலை வாரப் பாக்கெட்டில் சீப்பைத் தேடினேன்.