மூடி வைத்த மீன் தட்டு

காலை ஒன்பதே முக்காலுக்குக் களியக்காவிளையில் இறங்கினேன். மதுரையிலிருந்து மார்த்தாண்டம் வரை இரவுப் பேருந்து, அங்கிருந்து நகரப் பேருந்து. நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அந்தச் சலுகை மாநில எல்லையான இங்கே முடிந்துவிடுகிறது. எதிரே நின்ற கேரளப் பேருந்தில் ஏறி, உதியன்குளங்கரைக்குப் பதினைந்து ரூபாய் கொடுத்தேன். பக்கத்து இருக்கைப் பெண் பாறசாலை வரும்வரை போனில் யாரையோ தமிழில் திட்டினார். பாறசாலை தாண்டியதும் மலையாளத்தில் திட்டினார். எதிர்முனையில் ஆள் மாறியதாகத் தெரியவில்லை.

என் கைப்பையில் மறுநாள் நாகர்கோவிலிலிருந்து மதுரைக்கு இரண்டு ரயில் டிக்கெட்டுகள் இருந்தன. ஒன்று எனக்கு, மற்றது என் அண்ணன் தங்கராஜுக்கு. அவரிடம் இன்னும் சொல்லவில்லை. அண்ணனுக்கு அறுபத்தெட்டு வயது. அண்ணி இறந்தபின் தனியாக இருக்கிறார், மகன் மஸ்கட்டில். ஆனி மாதம் ஒருநாள் காலை குளியலறையில் வழுக்கி விழுந்து, எழ முடியாமல் மதியம் வரை கிடந்திருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்துத் தூக்கியதாகப் போனில் சொன்னதோடு சரி. என் அடுக்குமாடி வீட்டில் ஓர் அறை காலியாகக் கிடக்கிறது. அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிடுவது என்று முடிவுசெய்தே கிளம்பினேன். நானும் தனிதான். ஆனால் எங்கள் வாசலில் காவலாளி உண்டு, மாடிக்கு நாலு வீடு உண்டு, லிஃப்ட் உண்டு.

சந்திப்பிலிருந்து பூவார் பக்கம் போகும் உள்சாலையில் ஆட்டோவுக்கு முப்பது ரூபாய். அண்ணன் கைத்தடியோடு வாசலில் நின்றார். நான் முதலில் பார்த்தது பக்கத்து வீட்டைத்தான். கேட் பூட்டியிருந்தது, பூட்டின் மேலேயே கொடி படர்ந்திருந்தது.

“இங்க ஆரு இருக்கா?”

“துபாயிலாக்கும். ஓணத்துக்கு வருவாவ.”

“அப்போ உங்களத் தூக்குனது ஆரு?”

அண்ணன் கடிகாரத்தைப் பார்த்தார். “ஷாப்புக்கு நேரமாச்சு. நீயும் வாறியா?” என்றார்.

ஷாப்பு என்றால் இங்கே கள்ளுக்கடை. எல்லைக்கு அந்தப் பக்கம் கள்ளுக்குத் தடை, இந்தப் பக்கம் அரசு உரிமம். அண்ணன் நாள்தோறும் அங்கே போகிறார் என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டரை மணி. ரப்பர் தோட்டத்தை ஒட்டி ஓட்டுக் கட்டிடம், கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்து. குடும்பத்தோடு வருகிறவர்களுக்குத் தட்டி வைத்து மறைத்த அறை ஒன்று இருந்தது. மறைந்து உட்கார எனக்கு விருப்பமில்லை. அண்ணனின் பெஞ்சிலேயே உட்கார்ந்தேன். ஆண்கள் ஒருமுறை பார்த்துவிட்டுத் தங்கள் வேலைக்குத் திரும்பினார்கள். கள்ளு ஒரு குப்பி நூறு ரூபாய், மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கு நாற்பது, சாளை மீன் கறி எழுபது. கள்ளை ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். புளித்த இளநீர் போல இருந்தது. கறி அபாரம்.

சமையல்காரி ஓமனாவுக்கு என் வயதுதான் இருக்கும். “இதாக்கும் மதுரைத் தங்கச்சி?” என்று கேட்டுவிட்டு உள்ளே போனார். அடுக்களைச் சுவரில் ஓர் அலமாரி. அதில் வாழையிலைத் துண்டால் மூடிய எவர்சில்வர் தட்டுகள் வரிசையாக இருந்தன. வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து தங்கள் தட்டைத் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். ஒன்றில் மீன் தலை மட்டும், ஒன்றில் காரம் குறைவு. எது யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. அண்ணனும் எடுத்து வந்தார்.

ஒன்றரை மணிக்கு ஒரு தட்டு மிச்சமிருந்தது. ஓமனா கையைத் துடைத்தபடி வெளியே வந்தார்.

“மரியதாஸ் வரல்லே. ஆராவது கண்டியளா?”

ஒருவரும் கண்டிருக்கவில்லை. கள்ளு ஊற்றித் தரும் சசி போன் போட்டார், எடுக்கவில்லை. மூலையில் இருந்தவர் பாதிக் கிளாஸை அப்படியே வைத்துவிட்டு பைக்கை எடுத்துக்கொண்டு திருப்புறம் பக்கம் போனார். கூடிப் பேசவில்லை, பதறவும் இல்லை.

“என்ன விஷயம்?” என்று ஓமனாவிடம் கேட்டேன்.

“தட்டு இருந்தா ஆளு போவும். அவ்வளவுதான்.”

இருபது நிமிடத்தில் பைக் திரும்பியது. மீன்காரரான மரியதாஸ் தன் எதிர்வீட்டுக் கல்யாணப் பந்தலில் பிரியாணி தின்றுகொண்டிருந்தாராம். “எலே, அவன் சொல்லிட்டுப் போவப்படாதா?” என்று நாலு பேர் திட்டினார்கள். போனவர் மட்டும் திட்டவில்லை. அவருக்கும் ஒரு பிரியாணி கிடைத்திருந்தது.

எல்லோரும் சிரித்து முடித்ததும் ஓமனா என் பக்கம் திரும்பினார். “அன்னைக்கு உங்க அண்ணனுக்க தட்டும் இப்படித்தான் இருந்து. சசி போய் விளிச்சா சத்தமில்லே. பின்னக் கதவ ஒடச்சாக்கும் உள்ள போனது.”

அண்ணன் மீன் முள்ளை மிகுந்த கவனத்தோடு எடுத்துக்கொண்டிருந்தார்.

“ஏன் மறைச்சிய?”

“ஷாப்புக்காரன் தூக்குனான்னு சொன்னா, குடிச்சிட்டு விழுந்தேன்னு நெனப்பே. அன்னைக்கு நான் ஒரு துள்ளி தொடல்லே பிள்ளே.”

அப்படித்தான் நினைத்திருப்பேன். கோபம் வந்தது. டிக்கெட்டுகளை எடுத்து மேசையில் வைத்தேன்.

அவர் படித்துப் பார்த்தார். “அங்க நான் விழுந்தா ஆரு பாப்பா?”

“நான் உண்டுல்லா.”

“நீ விழுந்தா?”

காவலாளி, நாலு வீடு, லிஃப்ட் என்று வரிசையாகச் சொன்னேன். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். “நீ கூப்பிட்டா வாறேன் மக்கா. வரமாட்டேன்னு சொல்லுவேனா?” என்றபடி தன் தட்டிலிருந்த பெரிய சாளையை என் தட்டில் வைத்தார். மரியதாஸின் தட்டையும் ஓமனா எடுத்துவிட்டிருந்தார், அலமாரி காலியாக இருந்தது. அன்று மாலையே அண்ணனின் டிக்கெட்டை ரத்துசெய்தேன்.

மறுநாள் மாலை ஐந்தரைக்கு மதுரையில் என் வீட்டு வாசல். பால் வேண்டாம் என்று சொல்ல மறந்து போயிருந்தேன். இரண்டு நாள் பாக்கெட்டுகளும் கதவடியில் உப்பிக் கிடந்தன. தளத்தைப் பெருக்குகிறவர் அவற்றைச் சுற்றி அழகாகப் பெருக்கியிருந்தார். ஆனியில் அண்ணனுக்காகப் பயந்தேன். இப்போது முதல்முறையாக எனக்காகப் பயந்தேன்.

போன் அடித்தது.

“எத்தியாச்சா? ஓமனா கேக்கச் சொன்னா.”

“எத்தியாச்சு. அண்ணா, இனி தெனமும் தட்ட எடுத்ததும் எனக்கு ஒரு போன் போடுங்க.”

“போடுதேன். நீ எடுக்கல்லேண்ணா?”

உதியன்குளங்கரையிலிருந்து மதுரை முந்நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அவ்வளவு தூரம் பைக்கில் ஆள் வர முடியாது.

“ஒரு நம்பர் வாங்கித் தாறேன், இருங்க” என்றேன்.

போனைக் காதில் வைத்தபடியே, இந்த வீட்டுக்கு வந்த ஏழு வருடத்தில் முதல்முறையாக, எதிர்வீட்டு அழைப்பு மணியை அழுத்தினேன்.