சூளையில் வெந்த பச்சமுத்து

தனக்கோடியைப் போல ஓர் அழுத்தக்காரியை விருத்தாசலம் முழுக்கத் தேடினாலும் பார்க்க முடியாது. பீங்கான் பொம்மைக் கம்பெனியில் அவள் பொம்மைக்குக் கண் எழுதுவாள். நான் சூளை பார்ப்பேன். ஜங்ஷனில் ரயிலேறி வேலைக்குப் போன அவள் புருஷன் பச்சமுத்து பல வருஷமாகத் திரும்பவில்லை. செத்தாரா, இருக்கிறாரா, ஒரு தகவலும் கிடையாது. அவளோ தாலியும் பொட்டுமாகத்தான் இருந்தாள். யாராவது வாயைத் திறந்தால் சண்டைக்கு வருவாள்.

இந்த மாசி மகத்துக்கு அவள் கொழுந்தன் விருத்தகிரி ஒரே பிடிவாதமாக நின்றார். "வூட்டுல ஒரு நல்லது நடக்கல அண்ணி. அண்ணனுக்கு எள்ளும் தண்ணியும் எறைச்சிடலாங்க."

உடம்பு கிடைக்காதவருக்குப் பச்சை மண்ணில் உருவம் பிடித்து ஆற்றில் விடுவது அவர்கள் குடும்ப வழக்கம். கரைந்தால் ஆள் போய்ச் சேர்ந்துவிட்டார்; கரையாவிட்டால் எங்கோ உயிரோடு இருக்கிறார். இது என்ன கூத்து? பச்சை மண் தண்ணீரில் கரையாமல் வேறென்ன செய்யும்?

தனக்கோடி சண்டைக்குப் போகாமல் சரியென்றுவிட்டாள். சாண் உயரத்துக்கு ஓர் ஆளைப் பிடித்து, காயவைத்து, என்னிடம் கொண்டுவந்தாள். "யக்கா, இத சூளையில வச்சிடு. வெந்துட்டா கரையாதில்ல?"

"அடிப்பாவி!" என்றேன். ஆனால் வைத்தேன். வெந்து வந்ததை நகத்தால் தட்டினேன், கணீரென்றது. மேலே மண் குழம்பைப் பூசிப் பச்சை மண் போலவே ஆக்கிவிட்டோம்.

மகத்தன்று மணிமுத்தாற்றில் மணல் தெரியாத கூட்டம். தனக்கோடி முங்கி எழுந்து, முழங்கால் தண்ணீரில் நின்று, பொம்மையை இரண்டு கையாலும் உள்ளே இறக்கினாள். கொழுந்தனைப் பார்த்து லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தாள்.

பூச்சு முதலில் போயிற்று. போகட்டும் என்று நின்றேன். அப்புறம் மூக்கு போயிற்று. தோள் சரிந்தது. என் கையால் வேகவைத்த மண், சாமி! குனிந்து தொட்டேன். தண்ணீர் ஜில்லென்று இருந்தது. அந்த மண் மட்டும் இப்போதுதான் சூளையிலிருந்து எடுத்ததுபோல் சுட்டது. சுட்டுக்கொண்டே கொழகொழவென்று நழுவியது.

"விடுடி! கைய எடுடி!" என்று கத்தினேன். கடைசி மண்ணும் போகும்வரை அவள் எடுக்கவில்லை. பக்கத்தில் குளித்தவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"யக்கா," என்றாள் மெதுவாக. "போவுறப்ப என் வெரலப் புடிச்சாருக்கா. புடிச்சிட்டு விட்டுட்டாரு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை. எள்ளு வாங்கக் கை நீட்டிய விருத்தகிரியை ஒதுக்கிவிட்டு, கரையில் ஐயர் முன்னால் தானே போய் உட்கார்ந்தாள்.

"யாருக்கும்மா? பேரச் சொல்லுங்கோ," என்றார் ஐயர்.

புருஷன் பேரை அவள் வாயால் சொல்லி நான் கேட்டதே இல்லை. ரேஷன் கடையில்கூட நான்தான் சொல்வேன். சொல்ல வாயெடுத்தேன். அவள் என்னைக் கையால் தடுத்துவிட்டு, அத்தனை கூட்டமும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்:

"பச்சமுத்து."