உடும்பஞ்சோலைக்குப் போன கவிதைத் தொகுப்பு

காலை ஐந்தேகாலுக்கு, பாலக்காட்டு எல்லையோரத்து எருத்தேன்பதியில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து கிளம்பினோம். பைக்கை உதைத்துக்கொண்டே என் கணவர், "ஏனம்மிணி, ஒரு பொஸ்தகத்துக்கா இத்தன தூரம்னு யாராச்சும் கேட்டா நானென்ன சொல்றது?" என்றார். "எழவுக்குப் போறாள்னு சொல்லுங்க" என்றேன். அது பொய்யில்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை என்பதுதான் இரவு முழுக்க என்னைத் தூங்கவிடாமல் செய்தது.

இறந்தவர் சாமுவேல் சார். உடும்பஞ்சோலைப் பக்கம் ஏலத்தோட்டத்தில் பிறந்து, ஆங்கில ஆசிரியராக ஓய்வு பெற்றவர். நானும் ஆங்கில ஆசிரியைதான். ஒரு பயிற்சி வகுப்பில் அறிமுகமானோம். சென்ற நூற்றாண்டின் பெரிய ஆங்கிலக் கவி ஒருவரின் மொத்தக் கவிதைகளையும் தமிழுக்குக் கொண்டுவருவது என்று இருவருமாக முடிவு செய்தோம். நான் செய்தால் அது மொழிபெயர்ப்பாக இருந்தது, அவர் செய்தால் கவிதையாக இருந்தது. ஆகவே என்னிடமிருந்த தொகுப்பை அவரிடமே கொடுத்துவிட்டேன். அச்சுக்கு வெளியே இருந்த வெள்ளைப் பகுதியில் பென்சிலால் தமிழை எழுதிக்கொண்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் போனில் ஒன்றிரண்டு வாசித்துக் காட்டுவார். பிரதி எடுத்துக்கொள்கிறேன் என்றால், "முழுசும் முடியட்டும் டீச்சர், அரைவேக்காட்டுல எறக்கக்கூடாது" என்பார். அவரிடம் இருந்தது பட்டன் போன், படம் எடுத்தும் அனுப்ப முடியாது. அந்தத் தமிழ் முழுதும் அந்த ஒரே புத்தகத்தில்தான் இருந்தது.

முந்தின நாள் மாலை அவருடைய மருமகன் ஜெபராஜ் வாட்ஸப்பில் படம் அனுப்பியிருந்தார். பெட்டிக்குள் வெள்ளை வேட்டி சட்டையில் சார். மார்பின் மேல், இரண்டு கைகளுக்கும் கீழே, கறுப்பு ரெக்ஸின் அட்டையும் சிவப்புப் பூசிய ஓரமுமாக ஒரு தடித்த புத்தகம். தினமும் வாசித்த வேதாகமத்தை இறந்தவர் கையில் கொடுத்து அடக்கம் செய்வது அந்தக் குடும்பத்து வழக்கம். பார்க்கிறவர்கள் வேதாகமம் என்றே நினைப்பார்கள். நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அட்டையின் கீழ் மூலையில் எங்கள் வீட்டு நாய் கடித்த தடம் இருந்தது.

இந்த வினைக்கு வித்து எங்கள் பக்கத்துச் சித்தூர் பைண்டர். பழைய அட்டை பிய்ந்துபோனதால், சாருக்குத் தருமுன் பைண்டரிடம் கொடுத்தேன். அவருக்கு வாடிக்கையே சர்ச்சுக்காரர்கள்தான். கை போன போக்கில் கறுப்பு ரெக்ஸின், சிவப்பு ஓரம், பக்கம் வைக்க நாடா எல்லாம் செய்து தந்துவிட்டார். முதுகில் பெயர் அடிக்கட்டுமா என்று கேட்டபோது வேண்டாம் என்று சொன்னவள் நான்தான்.

ஜெபராஜுக்கு உடனே போன் செய்தேன். "வாங்க டீச்சர், நாளைக்கு மூணு மணிக்கு அடக்கம்" என்று அழுகுரலில் சொன்னார். மாமனார் கையில் இருப்பது என் புத்தகம் என்று அந்தக் குரலிடம் எப்படிச் சொல்வது? சரி என்று வைத்துவிட்டேன்.

பைக்கிலேயே கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி, பொள்ளாச்சி போய், ஏழு மணிக்கு உடுமலையில் மூணாறு பஸ்ஸைப் பிடித்தேன். கணவர் ஊருக்குத் திரும்பினார். மூணாறுக்கு எண்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். சமவெளியில் பஸ் நன்றாகத்தான் ஓடியது. சின்னாறு வனச் சோதனைச் சாவடிக்கு அப்பால் ஒரு வளைவில் நின்றுவிட்டது. ரோட்டின் நடுவில் ஒரு பெண்யானை, பக்கத்தில் குட்டி. டிரைவர் எஞ்சினை அணைத்தார். ஹாரன் அடிக்கச் சொல்லலாமா என்று கண்டக்டரிடம் கேட்டேன்.

"குட்டி கூட இருக்குதுங்கம்மா. அதுவா நகந்தாத்தான் உண்டு. ஏன், அவசரமுங்களா?"

அவசரம்தான் என்றேன். பக்கத்து இருக்கையில் காலிச் சாக்குகளை மடியில் வைத்திருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். பூண்டு விற்றுவிட்டு வட்டவடைக்குத் திரும்புகிறவள். எங்கே போகிறேன், எத்தனை மணிக்கு அடக்கம் என்றெல்லாம் விசாரித்துவிட்டு, "அந்தப் பக்கம் மத்தியானம் மழ எறங்கிரும்ல. எறங்குற மாதிரி தெரிஞ்சா வெள்ளனவே எடுத்துருவாக" என்றாள். ஆறுதலாகத்தான் சொல்ல வந்தாள் போலிருக்கிறது. ஜெபராஜைக் கேட்டுப் பார்க்கலாமென்று போனை எடுத்தேன். சிக்னல் போய்விட்டிருந்தது.

யானை முக்கால் மணி நேரம் கழித்துத்தான் வழி விட்டது. மறையூர்க் கரும்புக் காடு, பிறகு தேயிலை மலை, எல்லாம் அழகான வழிதான். வேறொரு நாளாக இருந்தால் அதைப் பற்றி இரண்டு பத்தி எழுதியிருப்பேன். நான் தேயிலையும் அருவியும் பார்க்கவில்லை, வானத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

மூணாறில் இறங்கும்போது பதினொன்றே முக்கால். சாப்பிடாமல் பூப்பாறை பஸ்ஸில் ஏறினேன். என்ன சொல்லிக் கேட்பது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன். 'அது வேதாகமம் இல்லை, எடுத்துவிடுங்கள்' என்றால் ஜெபராஜை ஊர்முன் அவமானப்படுத்துவதாகும். 'அது என் புத்தகம்' என்றால் எரிகிற வீட்டில் பிடுங்கினது ஆதாயம் என்று வந்தவளாவேன். சும்மா இருந்தாலோ சாரின் இத்தனை வருட உழைப்பு மண்ணுக்குள் போய்விடும். மூன்றில் எதையும் என்னால் தாங்கமுடியாது என்று தோன்றியது.

பூப்பாறையில் மணி ஒன்றேகால். உடும்பஞ்சோலைப் பக்கம் போகும் ஜீப்பில் தலைக்கு அறுபது ரூபாய். டிரைவரிடம் சாமுவேல் சார் வீட்டுக்கு என்றதும் அவர் என் பையை வாங்கி முன்சீட்டில் வைத்தார்.

"எட்டாங்கிளாஸ்ல எனக்கு அவுகதான் சாரு. மூணுன்னு சொல்லிருக்காக, ஆனா ரெண்டரைக்கே பெட்டிய மூடிருவாக. சர்ச்சு உபதேசியாருக்கு வேறொரு வீட்ல ஜெபம் இருக்கு."

"கொஞ்சம் வேகமாப் போலாமுங்களா?"

"ரோட்டப் பாத்தீகளா? ரெண்டு எழவா ஆயிரும் டீச்சர்."

ஏலக்காட்டுக்குள் இறங்கும் மண்பாதையில் ஜீப் குலுங்கியது. மணி இரண்டு பத்து. தூறல் தொடங்கியிருந்தது. வீட்டின் முன் தார்ப்பாய் கட்டி, அதன் கீழே பெஞ்சில் பெட்டியை வைத்திருந்தார்கள். கீர்த்தனை பாடிக்கொண்டிருந்தார்கள். பெட்டி திறந்திருந்தது. முதலில் அதைத்தான் பார்த்தேன். பிறகுதான் சாரின் முகத்தைப் பார்த்தேன். அதற்காக அந்த நிமிடமே வெட்கப்பட்டேன். முகத்தில் இரண்டு நாள் நரைத்தாடி. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

தலைமாட்டில் சாரின் மனைவி கிரேஸ் அக்கா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துவிட்டது.

"அக்கா, சார் கையில இருக்கறது வேதாகமம் இல்லைங்க" என்றேன் காதோடு.

"தெரியும் டீச்சர்." அவர் திரும்பவில்லை. "வேதாகமம் உள்ள அலமாரில இருக்கு. காலைல நான் அத வாசிப்பேன், அவுக இத வாசிப்பாக. மருமகப்பிள்ள மேசையில கெடந்தத எடுத்து வச்சாக. நான் பாத்துட்டுத்தான் இருந்தேன். இருக்கட்டும்னு விட்டுட்டேன். இது இல்லாம அவுக எங்க போயிருக்காக?"

"அதுல சாரோட தமிழு இருக்குங்க. வேற எங்கியும் இல்லைங்க."

கீர்த்தனை முடிந்து அடுத்தது தொடங்கியது. "முடிச்சிட்டாகளா?" என்று கேட்டார் அக்கா.

தெரியாது என்றேன். அவரே எழுந்து, சாரின் கைகளை மெல்ல நகர்த்தி, புத்தகத்தை எடுத்து என் மடியில் வைத்தார். பாட்டு நின்றுபோனது. எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். நான் தாள்களைப் புரட்டினேன். ஓரமெல்லாம் பென்சில் எழுத்து, அடித்துத் திருத்தி மறுபடி எழுதியது. நாடா கிடந்த பக்கத்தில் ஒரு கவிதையின் முதல் நான்கு அடிகளுக்குத் தமிழ் இருந்தது. அதோடு நின்றுவிட்டது. கவிதையின் மீதி அடுத்த தாளில். அங்கிருந்து கடைசிவரை, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, வெறும் ஆங்கிலம்.

"இதுவரைக்குங்க அக்கா."

உபதேசியார் வாட்சைப் பார்த்தார். "அம்மா, மூடலாமா?"

"ஒரு நிமிசம் அய்யா." அக்கா ஜெபராஜைப் பார்த்தார். "மாப்ள, அந்தக் கவாத்துக் கத்திய எடுத்துட்டு வாங்க."

ஏலக்காட்டு நிழல் மரங்களைக் கழிக்கும் கத்தி அது. ஜெபராஜ் கொண்டுவந்தார், ஆனால் கொடுக்கவில்லை. "அத்த, வேதாகமத்துல கத்தி வைக்கப்படாது."

"இது வேதாகமம் இல்ல மாப்ள. ஒங்க மாமாவோட வேல."

ஜெபராஜ் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவர் முகம் கறுத்தது. அக்கா அவர் தோளைத் தட்டி, "நீங்க சரியாத்தான் வச்சீக" என்றார். "எழுதுனத மட்டும் பிரிச்சு எடுங்க டீச்சர்" என்று கத்தியை வாங்கி என் கையில் கொடுத்தார். நாடா இருந்த இடத்தில் முதுகுத் தையலை அறுத்தேன். சித்தூர் பைண்டர் நூலை இரட்டையாகப் போட்டிருந்தார், சுலபத்தில் அறுபடவில்லை. எழுதிய பகுதியை அக்கா என்னிடம் கொடுத்தார். எழுதாத பகுதியை மறுபடி சாரின் கைகளுக்குக் கீழே வைத்தார். மேசையிலிருந்த பென்சிலையும் எடுத்துவரச் சொல்லி, வாங்கி, சாரின் சட்டைப் பையில் செருகினார்.

"மிச்சத்த அங்க போயி முடிக்கட்டும்" என்றார். உபதேசியார் தலை குனிந்துகொண்டார். பெட்டியை மூடினார்கள்.

கல்லறைத் தோட்டம்வரை போய் மண் போட்டுவிட்டுத் திரும்பினேன். மழை பிடித்துக்கொண்டது. பாதிப் புத்தகத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, முந்தானைக்குள் வைத்து, நனைந்துவிடுமோ என்று ஒவ்வொரு வளைவிலும் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன். இழவு வீட்டிலிருந்து எதையும் கொண்டுவரக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். தலை முழுகாமல் வாசல்படி ஏறவும் கூடாது. நள்ளிரவு தாண்டியும் வெளியே தண்ணீர் வைத்துக் காத்திருந்த என் கணவர் மாராப்பிலிருந்ததைப் பார்த்துவிட்டுக் கையை நீட்டினார். நான் குளித்து வரும்வரை அதை அவரே கையில் வைத்திருந்தார்.

மூலநூலின் இன்னொரு பிரதி எந்தக் கடையிலும் கிடைக்கும். மீதியை நானே செய்து முடிக்கலாமா, வேண்டாமா என்று அன்றிரவு படுக்கையில் புரண்டேன். பிறகு வேறொரு கவலை வந்தது. அந்தப் பென்சிலின் முனை எப்படி இருந்தது என்று நான் பார்க்கவில்லை. பைத்தியக்காரத்தனம்தான், ஆனாலும் விடியட்டும் என்று காத்திருந்து கிரேஸ் அக்காவுக்குப் போன் செய்து, தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"சீவித்தான் மேசையில வச்சிருந்தேன் டீச்சர்" என்றார். "தெனமும் நாந்தான சீவிக் குடுப்பேன்."