நோட்டில் ஏறாத பெயர்

சொர்ணவல்லிக்கு நாலு பேர் முன்னால் வாய் திறந்து ஜெபிக்க வராது. ஆலங்குடிக்குப் பக்கத்தில், தகரக் கூரை போட்ட அந்தச் சின்னச் சபையில் பத்து வருஷமாகக் கடைசிப் பாயில் உட்கார்ந்து உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாள். முந்திரிக்கொட்டை உடைத்துக் கறுத்துப்போன விரல்களை முந்தானைக்குள் மறைத்துக்கொள்வாள். அவள் புருஷன் திருப்பதி, லோடு ஆட்டோ ஓட்டுபவர், தொண்டை கிழியப் பாடுவார். அவர் குடியை விட்டது சபைக்கு வந்த பிறகுதான். அதற்காகவே அவள் இயேசுவை நம்பினாள். வேறு பெரிய காரணம் எதுவும் அவளிடம் இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்பு திருப்பதி ஞானஸ்நானம் எடுக்கப்போவதாகச் சொன்னார். அவள்தான் தடுத்தாள்.

"நம்ம மக இலக்கியா காலேஜ் சேரட்டுங்க. தண்ணியில முங்கி, சபை நோட்டுல ஒங்க பேரு ஏறிட்டா, பிள்ளைக்கு எஸ்.சி. சான்றிதழ் வாங்க முடியாது."

பாஸ்டரும், "உள்ளத்துல இருந்தாப் போதும்மா" என்றார். சபையில் பாதிப் பேர் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை ஒரு மதம், தாலுகா ஆபீசில் ஒரு மதம்.

ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. தேங்காய் ஏற்றிக்கொண்டிருந்த திருப்பதி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார், எழவில்லை.

மத்தியானம் பாஸ்டரும் சபைச் செயலரும் வந்தார்கள். செயலர் கையில் அந்த நோட்டு.

"நம்ம கல்லறைத் தோட்டத்துல ஞானஸ்நானம் எடுத்தவங்களுக்குத்தான் எடம். விதி அப்படிம்மா."

பாஸ்டர் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கொழுந்தன் வெற்றிசெல்வன் இதற்காகவே காத்திருந்தவன்போல முன்னால் வந்தான். "பாத்தீங்களா அண்ணி, ஒங்க அல்லேலூயாக்காரங்களை? ஊர்ச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோவோம். ஆனா திருநீறு பூசணும், குடம் ஒடைக்கணும். பாட்டு, ஜெபம் ஒண்ணும் கேக்கக்கூடாது. சம்மதம்னா சொல்லுங்க, தூக்குறோம்."

செயலருக்கு இப்போது ரோஷம் வந்துவிட்டது. அவள் பக்கம் குனிந்து, "வேணும்னா போன வருஷத் தேதியப் போட்டு எழுதிடுறேன். யாருக்குத் தெரியப்போவுது?" என்றார்.

சொர்ணவல்லி இரண்டு பேரையும் பார்த்தாள். இரண்டு பேர் தயவுக்கும் ஒரு விலை இருந்தது. கடவுளைத் தவிர அவள் பக்கம் நிற்க யாரும் மிச்சமில்லை. அவர் நிற்கிறார் என்று முதல்முறையாகத் தோன்றியது.

"அவரு கேட்டப்போ நான் விடல. இப்ப பொய்த் தேதி போட்டு அவரை எங்கிட்டும் சேக்க வேணாம். திருநீறும் வேணாம் தம்பி. நம்ம கொல்லையில பொதைக்கிறேன்."

கொல்லை என்பது தெருவைத் தாண்டி மூன்று சென்ட், இரண்டு முந்திரி மரம். இலக்கியாவின் படிப்புக்காக விற்க வைத்திருந்த இடம்.

"அம்மா, அங்க பொதச்சா அப்பறம் எவனும் வாங்க மாட்டான்" என்றாள் இலக்கியா.

"தெரியும்டி."

"பொம்பளைங்க தெருமுனையோட நின்னுக்கணும்" என்று வெற்றிசெல்வன் கத்தினான். அவள் நடந்தாள். லோடு ஆட்டோக்காரர்கள் ஆறு பேர் குழி வெட்டினார்கள். பஞ்சாயத்தில் புகார் போனால் சபைக்குச் சிக்கல் என்று பாஸ்டர் வரவில்லை. ஜெபிக்க ஆளில்லாமல் எல்லோரும் நின்றார்கள். அப்போதுதான் அவள் வாய் திறந்தாள்.

"ஆண்டவரே, இந்த மனுஷன் ஒங்ககிட்ட வரணும்னாரு. நாந்தான் குறுக்க நின்னேன். அதுக்கு என்னையக் கேளுங்க. அவரைக் கேக்காதீங்க."

மண்ணைத் தள்ளினார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் மைக்கில், "நம்ம சகோதரியோட விசுவாசத்தப் பாருங்க! சாட்சி சொல்லுங்கம்மா" என்று அழைத்தார். சொர்ணவல்லி கடைசிப் பாயில் எழுந்து நின்றாள். கறுத்த விரல்கள் எல்லோருக்கும் தெரிந்தன.

"கர்த்தர் என்னையக் கைவிடல" என்றாள். "நீங்க விட்டுட்டீங்க."

முதல் பாதியைக் கேட்டதுமே பழக்கத்தில் "ஆமென்" சொல்ல ஆரம்பித்த இரண்டு பெண்கள், பாதியில் வாயை மூடிக்கொண்டார்கள்.