இரண்டு டர்ன்டேபிள், ஒரு மிக்ஸர், ஓர் அண்ணன்

பாட்டுப் போடுகிற தொழிலில் ஒரு நியாயம் உண்டு: கூட்டம் ஆடினால் பாட்டு நல்ல பாட்டு, ஆடாவிட்டால் பாட்டுப் போட்டவர் சரியில்லை. கல்யாண மண்டபத்திலோ கடற்கரை ரிசார்ட்டிலோ ஹெட்போனை மாட்டிக்கொண்டு நின்று திட்டு வாங்கியவரா நீங்கள்? அப்படியென்றால் நான் சொல்லப்போவதில் பாதி உங்களுக்கும் நடந்திருக்கும். மீதிப் பாதி, நானும் என் அண்ணன் ஏழுமலையும் மட்டுமே செய்யக்கூடிய தவறுகள்.

செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். நைனாவுக்குக் கொஞ்சம் நிலம், ஒரு லோடு வண்டி. அண்ணன் மைக்செட் வைத்திருந்தான். தங்கை நான் நாவலூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தேன். மாமல்லபுரம் பக்கம் ஒரு ரிசார்ட்டுக்கு லேப்டாப்பில் பாட்டுப் போடப் போன அண்ணனிடம் அங்கிருந்த மேனேஜர், இசைத்தட்டு வைத்து ஒரு பாட்டோடு இன்னொன்றைக் கலந்து போடுகிற ஆள் யாராவது தெரியுமா, ஞாயிறு சாயங்காலங்களுக்கு வேண்டும் என்று கேட்டிருக்கிறார். நாங்களே போடுவோம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான். அன்றைக்கு எங்கள் வீட்டில் ஓர் இசைத்தட்டுகூடக் கிடையாது.

சோம்பேறி மிஷின்

கேளம்பாக்கத்தில் ஃப்ளாட்டைக் காலி செய்துகொண்டு போன ஒரு குடும்பத்திடம் எங்கள் முதல் ரெக்கார்டு பிளேயரை வாங்கினோம். கேட்பதற்கு அருமையாக இருந்தது. ஆனால் பாட்டைக் கலக்க வேண்டுமென்றால், சுற்றுகிற தட்டைக் கையால் பிடித்து நிறுத்தி, தாளம் கூடி வரும் நொடியில் விட வேண்டும். பிடித்தோம், நின்றது. விட்டோம், சோம்பல் முறித்துக்கொண்டு மெதுவாக எழுந்து வந்தது. பாடகி முதல் வரியை ஆண் குரலில் ஆரம்பித்துப் பெண் குரலில் முடித்தார்.

பழுது என்று நினைத்து, சென்னையில் பழைய ஆடியோ சாமான் விற்கும் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். கடைக்காரர் தட்டைக் கழற்றி, அடியில் இருந்த ரப்பர் பெல்ட்டைக் காட்டினார். பெல்ட் இழுத்துச் சுற்றுகிற மிஷின் இதற்கு ஆகாது, தட்டுக்கு நேர் அடியிலேயே மோட்டார் இருப்பதுதான் வேண்டும், அதுவும் ஒன்று போதாது, இரண்டு வேண்டும் என்றார். எங்கள் முகம் போன போக்கைப் பார்த்து அவருக்கே பாவமாகிவிட்டது. "இது ஒக்காந்து பாட்டு கேக்குறவங்களுக்கு தம்பி. நீங்க நின்னுகினு புடிக்கிற ஆளுங்க, உங்களுக்கு இது வேலைக்கு ஆவாது."

கொசு

கடைக்காரர் சொன்ன மாதிரி நேர் மோட்டார் வைத்த டர்ன்டேபிள் ஒன்றை அண்ணன் வாங்கினான், என் சம்பளத்தில் நான் ஒன்று வாங்கினேன். இரண்டையும் கலக்கத் தனி மிக்ஸர் எதற்கு, கல்யாண மைக்செட்டில் இருப்பது இருக்கிறதே என்றான் அண்ணன். இசைத்தட்டின் ஊசியிலிருந்து வருகிற சத்தம் மிகவும் சன்னமானது, அதைத் தூக்கிக் கொடுக்கத் தனி இணைப்பு உள்ள மிக்ஸர் வேண்டும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது. எல்லாவற்றையும் கடைசி வரை திருகியும் ஸ்பீக்கரில் ரீங்காரம்தான் வந்தது. வண்டி கழுவிக்கொண்டிருந்த நைனா எட்டிப் பார்த்து, பாட்டுக்குள் கொசு புகுந்துவிட்டதா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

மறுபடியும் அதே கடை. அண்ணனுக்கு வரிசையாக விளக்கு எரிகிற பெரிய மிக்ஸர்மேல் கண். எனக்கு இரண்டே பாட்டுக்கு வழியுள்ள சின்னது போதும். பாட்டை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் தள்ளுகிற குமிழ் வெண்ணெய் மாதிரி நகர வேண்டும், அவ்வளவுதான். கடையில் ஆரம்பித்த சண்டை ஷேர் ஆட்டோவிலும் தொடர்ந்தது. கடைசியில் என் பேச்சுதான் நடந்தது. ஆனால் அண்ணன் ஊர் வந்து சேரும்வரை முனகிக்கொண்டே வந்தான். "லைட்டே இல்லாத மிஷின வச்சிகினு நின்னா, நம்ம ரெண்டு பேரும் இன்னா பண்ணிகினு கீறோம்னு ஜனங்களுக்கு எப்டி பாப்பா தெரியும்?"

நாலு கை

வண்டி நிற்கிற ஷெட்டில்தான் பயிற்சி. இடது பக்கம் அண்ணனுடைய டர்ன்டேபிள், தொழில் பாஷையில் டெக், வலது பக்கம் என்னுடையது. அவன் வாங்கியது அவனுக்கு, நான் வாங்கியது எனக்கு. பழைய சினிமாப் பாட்டுகளில் ஒரு சங்கடம் உண்டு. எல்லாம் மனிதர்கள் கூடி உட்கார்ந்து வாசித்தவை. சரணத்துக்குப் போகும்போது தபலாக்காரருக்கு உற்சாகம் வந்துவிடும், தாளம் ஓர் இம்மி ஓடும். ஒரு தடவை வேகத்தைச் சரி பண்ணிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியாது. தட்டின் ஓரத்தில் விரலை வைத்துப் பின்னால் இழுக்க வேண்டும், முன்னால் தள்ள வேண்டும். அவன் பாட்டு ஓடினால் நான் தள்ளுவேன், என் பாட்டு ஓடினால் அவன் தள்ளுவான். இரண்டு பாட்டும் ஒன்றாகச் சேர்ந்து நடந்த அந்த முதல் சாயங்காலம் நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை, பேசினால் பிரிந்துவிடுமோ என்று பயம். என் வாழ்க்கையில் அத்தனை சந்தோஷமாக இருந்த நாட்கள் குறைவு.

உலகம் முழுக்க எங்கேயும் இதை ஓர் ஆள் தனியாகத்தான் செய்வார், இரண்டு டெக்கும் ஒருவர் கையில்தான் இருக்கும் என்பது ரிசார்ட்டுக்குச் சென்னையிலிருந்து வந்த ஒரு டி.ஜே. சொல்லித்தான் தெரிந்தது. அதற்குள் நாங்கள் இப்படியே பழகிவிட்டிருந்தோம். தனியாக நின்று பார்த்தோம், அவனுக்கும் வரவில்லை, எனக்கும் வரவில்லை. அந்த டி.ஜே. கிண்டல் செய்யவில்லை, உண்மையாகவே கவலைப்பட்டுக் கேட்டார். "ஒருத்தருக்கு வர முடியலன்னா அன்னிக்கு என்னங்க பண்ணுவீங்க?"

மரப்பலகை மேடை

ரிசார்ட்டில் கடலைப் பார்த்து மரப்பலகை மேடை ஒன்று போட்டிருந்தார்கள். மேடையிலேயே ஆட்டம், மேடையிலேயே நாங்கள். நாவலூரிலிருந்து ஓர் ஆபீஸ் கூட்டம் குடும்பத்தோடு வந்திருந்தது. நல்ல குத்துப் பாட்டு, எல்லோரும் சேர்ந்து குதித்தார்கள். பலகை அதிர, ஊசி எகிறி, பல்லவியிலிருந்து நேராகக் கடைசிச் சரணத்துக்குப் போய் விழுந்தது. அண்ணன் ஊசித் தலையில் ஒரு ரூபாய்க் காசை ஒட்டிப் பார்த்தான். நான் அடியில் துண்டை மடித்து வைத்தேன். மறுபடி குதித்தார்கள், மறுபடி எகிறியது.

அடுத்த வாரமே மேடையை விட்டு இறங்கி, மணலில் கடப்பைக் கல்லைப் போட்டு, அதன்மேல் மிஷின்களை வைத்தோம். பிறகு ஊசி அசையவில்லை. ஆனால் ஊசி எகிறிய அன்று வியர்த்து வழிந்து நின்ற எங்களிடம், இதில் ரகசியம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்ட ஒரு சின்னப் பெண் வந்து, மிகுந்த மரியாதையோடு அனுமதி கேட்டாள். "ஆன்ட்டி, இன்னொரு வாட்டி குதிக்கட்டுமா?"

பறவைகளின் ஊர்

எனக்கு வரன் வந்தது. மாப்பிள்ளை மதுராந்தகத்தில் டிராக்டர் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார், வீடு வேடந்தாங்கலில். ஆள் பிடித்துப் போனது, வேலையையும் வீட்டிலிருந்தே பார்க்கலாம். பெண் பார்க்க வந்த அன்று, ஞாயிற்றுக்கிழமைகளில் பொண்ணு என்ன செய்யும் என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார். நைனா முறைக்க முறைக்க, அண்ணன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். ஷெட்டைத் திறந்து மிஷின்களைக்கூடக் காட்டினான்.

அந்த அம்மாள் கோபப்படவில்லை. தட்டை விரலால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பாட்டுப் போடும்போது சத்தம் எவ்வளவு தூரம் கேட்கும் என்று விசாரித்தார். அண்ணன் பெருமையாக, தெருக்கோடி வரை கேட்கும் என்றான். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். என் எதிர்காலம் அந்த யோசனையில்தான் இருக்கிறது என்று எனக்குப் புரிந்தது. "பறவைங்க பயந்துடும்னு எங்க ஊர்ல தீவாளிக்கே வெடி வெடிக்க மாட்டோம்மா."

சீர் வண்டி

கல்யாணம் நிச்சயமான பிறகு, ஞாயிறு வேலை இனி என்னவாகும் என்ற பேச்சை நானும் அண்ணனும் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தோம். அந்த ஊரில் டெக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது? என்னுடையதையும் நீயே வைத்துக்கொள், மெதுவாக இரண்டு கையாலும் பழகிக்கொள் என்று ஒருநாள் சொன்னேன். அவன் கேபிள் சுற்றிக்கொண்டே இருந்தான். அண்ணனை விட்டுப் போகிற துக்கமா, அந்தத் தாளத்தை விட்டுப் போகிற துக்கமா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. கடைசி ஞாயிறு ரிசார்ட்டில் எந்தத் தவறும் இல்லாமல் வாசித்தோம், அதுவே அழுகையாக வந்தது.

கல்யாணத்துக்கு மறுநாள் நைனாவின் வண்டியில் சீர் ஏறியது. பீரோ, கட்டில், கிரைண்டர். கிரைண்டருக்கும் பீரோவுக்கும் நடுவில் போர்வை சுற்றிக் கயிறு கட்டிய ஒரு பெட்டி. என் டெக். நான் அண்ணனைத் தனியாக இழுத்து, பைத்தியமா உனக்கு, ஒன்றை வைத்துக்கொண்டு நீயும் கலக்க முடியாது, நானும் கலக்க முடியாது, இறக்கு கீழே என்று சண்டை போட்டேன். அவன் கயிற்றை இன்னும் ஒரு சுற்று இறுக்கினான். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "ரெண்டும் என்கிட்டயே இருந்தா நீ தீவாளிக்கும் பொங்கலுக்கும் வந்துட்டு போயிடுவ. ஒண்ணு உன்கிட்ட இருந்தா ஞாயித்துக்கெழம அத தூக்கினு வந்துதானே ஆவணும்?"

கட்டிக்கொடுத்த பெண் வாராவாரம் பிறந்த வீட்டுக்கு ஓடுகிறாள் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். பாசத்துக்காகப் போகிறவள் இத்தனை கனத்தைச் சுமந்துகொண்டு பஸ் ஏறுவாளா, தொழிலுக்காகத்தான் போகிறேன் என்று நானும் எல்லோரிடமும் சொல்லிப் பார்க்கிறேன், என் வீட்டுக்காரர் உட்பட ஒருவரும் நம்புவதாக இல்லை.