லூசியஸ் வாசித்த இடம்

ஒடெஸ்ஸா டாலிவர் கோபக்காரி. எங்கள் கறுப்பு ஜனம் வாழும் ஹார்லெமில் அவளிடம் சுருட்டை முடியை நீவி நேராக்கிக்கொள்கிற எல்லோருக்கும் அது தெரியும். இரும்புச் சீப்பை அடுப்பில் காய்ச்சிக்கொண்டே கறிக்கடைக்காரனையும் பாதிரியாரையும் வாடகை கேட்டு வருகிறவனையும் வரிசையாகத் திட்டுவாள். ஆனால் கை பிசகாது. அதுவரை யார் காதையும் சுட்டதில்லை. முதலில் சுட்டது என் காதைத்தான்.

காரணம் ஒரு இசைத்தட்டு. பாடகி வெர்னெல் ப்ளைத் யுத்தத்துக்கு முன்னால் சின்னத் தட்டுகளில் பக்கத்துக்கு ஒன்றாகப் பாடி வைத்த பாட்டுகளில் எட்டைப் பொறுக்கி, கம்பெனிக்காரர்கள் ஒரே பெரிய தட்டாகப் போட்டிருந்தார்கள். அதில் ஒரு பாட்டில் இரண்டாவது சரணம் முடிந்ததும் குழலை நீட்டி இழுத்து ஊதுகிற ட்ராம்போன் தனியாக வரும். வாசித்தவன் ஒடெஸ்ஸாவின் புருஷன் லூசியஸ். செத்துப்போனவன். வேறெந்தத் தட்டிலும் அவன் தனியாக வாசித்ததில்லை. அவளிடம் இருந்த பழைய தட்டு வீடு மாறும்போது நொறுங்கிவிட்டது.

புதுத் தட்டை ஒடெஸ்ஸா வாங்கி வந்து ஓடவிட்டாள். நான் நாற்காலியில் உட்கார்ந்து வெர்னெலைப் போலவே மூக்கால் இழுத்துக் கூடவே பாடினேன்.

"வாய மூடுடி, ஆடு கத்துற மாதிரி இருக்கு. என் ஆளு வர்ற நேரம்."

ஆள் வரவில்லை. சரணம் முடிந்த கையோடு அடுத்த சரணம். எட்டுப் பாட்டையும் ஒரே தட்டில் அடைக்க, நடுவில் லூசியஸ் வாசித்ததை வெட்டியிருந்தார்கள். சீப்பு என் காதில் உட்கார்ந்தது.

"கறியில கொழுப்ப வெட்டுற மாதிரி வெட்டிட்டானுங்க," என்றாள். என் காதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அந்த வாரமே வெர்னெல் ஊருக்கு வந்தாள். எவ்வளவு பெரிய பாடகியானாலும் மேடை ஏறும்முன் அவளுக்கு ஒடெஸ்ஸாவின் கைதான் வேண்டும். உட்கார்ந்ததும் சீப்பு புகைந்துகொண்டு காதருகே வந்து நின்றது.

"என் புருஷன் எங்கடி?"

"அத அந்தப் பக்கம் வை, ஒடெஸ்ஸா."

"மொதல்ல பதில் சொல்லு."

"என்னை எவன் கேட்டான்? நானே கடையில வாங்கித்தான் கேட்டேன்."

"அட்டையில உன் மூஞ்சிதான இருக்கு."

"அதையும் கேக்காமத்தான் போட்டானுங்க. அதுவும் பழைய மூஞ்சி."



"ஞாயித்துக்கிழம பகல் ஆட்டத்துல அந்தப் பாட்டப் பாடு," என்றாள் ஒடெஸ்ஸா.

"என் பேண்டுல ட்ராம்போனே இல்ல."

"இருந்தாலும் வேற எவனும் வாசிக்கக் கூடாது. அவன் எடத்த விட்டுட்டு வாய மூடிட்டு நில்லு."

"பாதிப் பாட்டுல நின்னா நம்ம ஜனம் என்னைக் கிழிச்சுத் தொங்க விடும்."

"விடட்டும். அவன வெட்டினாங்களே, அத விடவா?"

வெர்னெல் தலையைச் சாய்த்துக் கொடுத்தாள். ஒடெஸ்ஸா ஒரு முடி பிசகாமல் நீவி அனுப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் மேல்மாடத்தில் இருந்தோம். இரண்டாவது சரணம் முடிந்தது. வெர்னெல் வாயை மூடிக்கொண்டு கையை உயர்த்தினாள். பேண்டு நின்றது, டிரம் மட்டும் மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தது. நம் ஜனம் சும்மா இருக்குமா?

"மறந்துட்டியா கண்ணு?"

"யாராவது எடுத்துக் குடுங்கப்பா."

ஒடெஸ்ஸா எழுந்தாள். கத்தவில்லை. குரல்தான் காய்ச்சிய இரும்பாக இருந்தது.

"வாய மூடுங்க. என் புருஷன் வாசிச்சுட்டிருக்கான்."

அரங்கம் அடங்கியது. வெர்னெல் மேலே பார்த்தபடியே நின்றாள். ஒடெஸ்ஸாவின் கால் தாளம் போட்டது. பிறகு மூன்றாவது சரணம் தொடங்கியது.

படியிறங்கும்போது ஒடெஸ்ஸாவின் கண் சிவந்திருந்தது. ஆறுதலாக ஏதாவது சொல்லலாமென்று வாயைத் திறந்தேன்.

"பேசாத," என்றாள். "அவன் கடைசி இழுப்பு முடியறதுக்குள்ள ஆரம்பிச்சுட்டா, சிறுக்கி."