அது புழுவெட்டு இல்லை

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் என் அறைக்கு ஆறு பேர் வந்தார்கள். ஆறு பேரும் பெற்றோர். ஆறு பேருக்கும் இன்ஜினியரிங் சீட் வேண்டும். கதவுக்கு மேலே 'கவுன்சிலிங் ரூம்' என்று போர்டு மாட்டியிருந்ததுதான் காரணம். நம் ஊரில் கவுன்சிலிங் என்றால் பிளஸ் டூ முடித்துவிட்டு, கட்ஆஃப் பார்த்து, காலேஜ் எடுப்பது. ஒரு அம்மா மார்க் ஷீட்டை மேஜைமேல் வைத்து, "ஏனுங்க, இந்த மார்க்குக்கு ஈ.சி.ஈ. கெடைக்குமுங்களா?" என்றார். நான் அந்தக் கவுன்சிலர் இல்லை, பிள்ளைகளுக்கு மனசு சரியில்லை என்றால் பேசுகிறவள் என்றேன். மார்க் ஷீட்டை வெடுக்கென்று எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

ஆசிரியர்களுக்கு அதே வார்த்தைக்கு வேறு அர்த்தம். "இன்னொரு வாட்டி பேசுனீன்னா கவுன்சிலிங்குக்கு அனுப்பிருவேன்" என்று வகுப்பில் மிரட்டுவார்கள். பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள். "சாரி மிஸ்" என்பார்கள். எதற்கு சாரி என்று கேட்டால் தெரியாது.

மதுக்கரையைத் தாண்டி, ஹாஸ்டலோடு கூடிய தனியார் பள்ளி அது. பெயர் வேண்டாம். இங்கே இதுபோல் நிறைய இருக்கின்றன, எதைச் சொன்னாலும் பொருந்தும். அதற்கு முன் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பெண்களின் குறை கேட்கிற வேலை பார்த்தேன். அஞ்சல் வழியில் சைக்காலஜி படித்தேன். பெரிய படிப்பு என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். எனக்கு நயமாகப் பேச வராது. கவுன்சிலருக்கு அது பெரிய குறை என்று நேர்முகத் தேர்விலேயே சொன்னார்கள். பிறகு ஏன் எடுத்தார்கள் என்று தெரியவில்லை. ஒருவேளை வேறு யாரும் வரவில்லை.

அந்தப் பெண் பதினொன்றாம் வகுப்பு. நீட் பேட்ச். வார்டன் ஒரு சீட்டு எழுதி அனுப்பியிருந்தார்: 'தலையில் புழுவெட்டு. அதனால் டல்லாக இருக்கிறாள். ஆறுதல் சொல்லவும்.' உச்சிக்குக் கொஞ்சம் வலப்பக்கம், ஐந்து ரூபாய்க் காசைவிடப் பெரிதாக ஒரு சொட்டை. தினமும் காலையில் வார்டனே சின்ன வெங்காயத்தை நறுக்கி அதில் தேய்த்துவிடுவார். புழுவெட்டுக்கு நம் வீடுகளில் செய்கிற வைத்தியம்தான். அக்கறையாகத்தான் செய்தார், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பெண் வகுப்பில் உட்கார்ந்தால் பக்கத்துப் பெண்கள் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். "சாம்பார் வந்துருச்சு" என்பார்களாம்.

நான் ஆறுதல் சொன்னேன். மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தேன். "செரிங்க மிஸ்" என்றாள். தினமும் மூன்று நல்ல விஷயங்களை நோட்டில் எழுதச் சொன்னேன். "செரிங்க மிஸ்." தூக்கம் வருகிறதா, பகலில் வெயிலில் கொஞ்சம் நட, தண்ணீர் குடி. "செரிங்க மிஸ்." மூன்று வாரம் வியாழக்கிழமை தவறாமல் வந்தாள். நான் படிவத்தில் 'நன்கு ஒத்துழைக்கிறாள், முன்னேற்றம் உண்டு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

நானும் இந்த ஊர்க்காரிதான். செரிங்க என்றால் இங்கே என்னவெல்லாம் அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? கேட்டுக்கொண்டேன் என்று அர்த்தம். போதும் நிறுத்துங்கள் என்று அர்த்தம். செய்ய மாட்டேன், ஆனால் உங்கள் முகத்துக்கு நேரே சொல்லி மரியாதையைக் கெடுக்க மாட்டேன் என்றும் அர்த்தம். கடைக்காரர் சொன்னால் எனக்குப் புரிகிறது. ஒரு பிள்ளை சொன்னபோது மட்டும் சம்மதம் என்று எழுதிக்கொண்டேன்.

நான்காம் வியாழன் நான் கோபத்தில் இருந்தேன். தேர்வு மேற்பார்வைக்கு ஆள் இல்லை, என்னைப் போகச் சொன்னார்கள். பிரின்சிபாலிடம் சத்தம் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். அவள் வந்தாள். வெங்காய நெடி தாங்காமல் ஜன்னலைத் திறந்தேன். வெயில் நேராக அவள் தலையில் விழுந்தது. புழுவெட்டு என்றால் அந்த இடம் மொழுமொழுவென்று இருக்கும். இது அப்படி இல்லை. அறுத்த வயல் மாதிரி, ஒன்று குட்டை, ஒன்று நெட்டை, முள் முள்ளாக நின்றது.

"நீயே புடுங்கறயா?" என்றேன். இப்படிக் கேட்கக்கூடாது என்று எந்தப் புத்தகமும் சொல்லும்.

அவள் செரிங்க என்று சொல்லவில்லை. "அஞ்சு மணி ஸ்டடில கை தானா போகுதுங்க மிஸ்" என்றாள். "ஒண்ணு புடுங்குனா கொஞ்சம் நல்லாருக்குது. அப்பறம் இன்னொண்ணு."

"புடுங்குன முடிய என்ன பண்ணுவ?"

"ரெக்கார்ட் நோட்டு அட்டைக்குள்ள வெச்சுக்குவேன். கீழ போட்டா வார்டன் பாத்துருவாங்க."

"வெங்காயம் எரியலையா கண்ணு?"

"எரியுதுங்க."

"அப்பறம் ஏன் சொல்லாம இருந்த?"

"புழுவெட்டுன்னா யாரும் திட்டமாட்டாங்கல்லங்க மிஸ்."

தீபாவளி விடுமுறையில் ஒன்பது நாள் வீட்டில் இருந்திருக்கிறாள். ஒரு முடியைக்கூடப் பிடுங்கவில்லையாம். ஹாஸ்டல் வேண்டாம், வீட்டிலிருந்து வர வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது. வீடு பொள்ளாச்சி ரோட்டுப் பக்கம், இரண்டு பஸ் மாறி வர வேண்டும். பரவாயில்லை என்றாள். ஆனால் அப்பா ஒத்துக்கொள்ள மாட்டார். வீட்டில் டி.வி., போன், வருகிற போகிற சொந்தக்காரர்கள். படிப்பு கெட்டுவிடும் என்றுதான் ஹாஸ்டலில் போட்டார்.

"நானே புடுங்கறேன்னு மட்டும் அப்பாகிட்ட சொல்லிராதீங்க மிஸ். பைத்தியம்னு நெனச்சுக்குவாரு."

சொல்ல மாட்டேன் என்றேன். ஹாஸ்டல் வேண்டாம் என்பதை மட்டும் நீ சொல், நான் பக்கத்தில் இருக்கிறேன் என்றேன். இரண்டு வாரம் ஒத்திகை பார்த்தோம். "அப்பா, எனக்கு ஹாஸ்டல் வேண்டாங்கப்பா. நான் ஊட்டுல இருந்து வாரேன்." மனப்பாடச் செய்யுள் ஒப்பிப்பது போல் சொன்னாள். போதும் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். பிரின்சிபால் அறையில் அப்பா, அம்மா, வார்டன், அந்தப் பெண், நான். அப்பாவுக்குத் தென்னந்தோப்பும் ஒரு லேத் பட்டறையும் உண்டு. அடித்துப் பேசுகிற ஆள் இல்லை. மகளைச் சாமி என்றுதான் கூப்பிட்டார். என்னைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டார்.

"மருந்துக்கடைல ஆயின்மென்ட் வாங்கிப் போட்டுப் பாத்துப்போட்டேனுங்க. வெங்காயமும் கேக்கமாட்டீங்குது. வர்ற கிருத்திகைக்குப் பழனிக்குக் கூட்டிட்டுப் போயி மொட்ட போட்டுரலாம்னு முடிவு பண்ணிட்டோமுங்க. வேண்டுதலாச்சு, முடியும் சமமா வளந்துரும்."

"நல்ல யோசனைங்க சார்" என்றார் பிரின்சிபால். "மாடல் எக்ஸாமுக்கு முன்னாடியே முடிச்சிருங்க. தல சீவற நேரமாச்சும் மிச்சமாகட்டும்." சிரித்தார். வார்டனும் சிரித்தார்.

"ஸ்கார்ப் கட்டிக்கிட்டா ஒண்ணும் தெரியாதுங்க" என்றார் வார்டன்.

அப்பா மகள் பக்கம் திரும்பினார். "என்ன சாமி, செரியா?"

"செரிங்கப்பா."

பதினாறு வயதுப் பெண். கிருத்திகை முடிந்ததும் மொட்டைத் தலையோடு, அந்தச் சாம்பார் கூட்டத்துக்கு நடுவே போய் உட்கார வேண்டும். செரிங்கப்பா.

"சொல்லு கண்ணு" என்றேன். "அப்பாகிட்ட ஒண்ணு சொல்லோணும்னு சொன்னீல்ல."

"ஒண்ணுமில்லீங்க மிஸ்."

"சொல்லு."

"ஒண்ணுமில்லீங்க."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "அது புழுவெட்டு இல்லீங்க" என்றேன். "அவளே புடுங்கறா. ஹாஸ்டல்ல இருக்க முடியாமப் புடுங்கறா. மொட்ட போட்டா வளர வளர மறுபடியும் புடுங்குவா."

சிரிப்பு நின்றது. அப்பா என்னைப் பார்க்கவில்லை. "நெசமா சாமி?" என்றார். அவள் ஆமாம் என்று தலையை ஆட்டினாள். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "தீவாளிக்கு வந்தப்ப தலகாணில ஒரு முடி இல்ல. முடி கொட்டற புள்ளைக்கு எப்படின்னு நான் அப்பவே கேட்டனுங்க. எங்க காதுல போட்டுக்கிட்டாரு" என்றார். அது கணவருக்குச் சொன்னது.

"இப்ப என்னங்க பண்ணோணும்?" என்று அப்பா கேட்டார்.

வீட்டுக்குக் கூட்டிப் போங்கள், திட்டாதீர்கள், டவுனில் மனநல டாக்டர் ஒருவரிடம் காட்டுங்கள் என்றேன். நீட் பேட்ச் ஹாஸ்டல்காரர்களுக்கு மட்டும்தான் என்று பிரின்சிபால் ஆரம்பித்தார். அப்பா முடிக்க விடவில்லை. "பேட்ச் போனாப் போகட்டுங்க. சாதா செக்சன்ல போட்டுருங்க."

அவ்வளவுதான். நான் சண்டைக்குத் தயாராக இருந்தேன், சண்டையே வரவில்லை. அன்று சாயங்காலமே பெட்டியோடு போய்விட்டாள். என்னிடம் சொல்லிக்கொண்டு போகவில்லை. அவசரத்தில் மறந்திருப்பாள் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால் அன்றைக்கு என்மேல் எனக்குப் பெருமையாக இருந்தது. திங்கட்கிழமை, பிள்ளைகள் சொன்னதை எழுதிவைத்திருக்கும் என் குறிப்பு நோட்டைக் கொடுக்கும்படி பிரின்சிபால் சொன்னார். மாட்டேன் என்றேன். மெமோ வந்தது. வாங்கி மேஜைக்குள் போட்டேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு நாள் காலையில் உக்கடம் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். பொள்ளாச்சிப் பஸ்ஸில் வந்து இறங்கி, மதுக்கரைப் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள். அகலமான ஹேர்பேண்ட். வெங்காய வாசனை இல்லை. நானே போய்ப் பேசினேன்.

"எப்படி இருக்கற அம்மணி?"

"நல்லாருக்கேன் மிஸ்."

"கை?"

"போகுதுங்க. முன்ன மாதிரி இல்ல. டாக்டரு மாத்திரை எதும் தரல, வாராவாரம் வரச் சொல்லியிருக்கறாங்க."

பஸ் வரவில்லை. அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "சொல்லமாட்டேன்னு சொன்னீங்க."

"ஆமா."

"சொல்லிப்போட்டீங்க."

"மொட்ட போடறேன்னாங்களே, நீ செரிங்கற. நான் என்ன பண்ணட்டும்?"

"என்னைய வெளிய கூப்பிட்டுக் கேட்டிருக்கலாமுங்க. இல்லாட்டி அப்பாவ மட்டும் கூப்பிட்டிருக்கலாம். பிரின்சி, வார்டன் எல்லாத்து முன்னாலயும் சொல்லிப்போட்டீங்க. வார்டன் போயி மெஸ்ல சொல்லிட்டாங்க. இப்ப ஹாஸ்டல் புள்ளைக என்னைய புடுங்கின்னு கூப்படறாங்க."

எனக்குப் பதில் இருந்தது. நான் சொல்லியிராவிட்டால் நீ இன்னும் ஹாஸ்டலில், மொட்டைத் தலையோடு இருந்திருப்பாய் என்பதுதான் அந்தப் பதில். நியாயமான பதில்தான், இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் இரண்டு நிமிடம் வெளியே கூப்பிட்டுக் கேட்பதற்கு எனக்கு என்ன கேடு? பொறுமை இல்லை, அவ்வளவுதான்.

"தப்பு என்னுதுதான்" என்றேன்.

"செரிங்க மிஸ்."

இந்தத் தடவை அதன் அர்த்தம் எனக்குப் புரிந்தது.

"வியாழக்கெழமை வர்றயா?"

"வரமாட்டேனுங்க. உங்க கதவுல கண்ணாடி இருக்குது. டாய்லெட் போறவங்க எல்லாம் எட்டி எட்டிப் பாப்பாங்க. நீங்க கதவுக்கு முதுகக் காட்டி உக்காந்திருக்கறீங்க, உங்களுக்கு எங்க தெரியப்போகுது."

ஒரு வருடம் அந்த அறையில் உட்கார்ந்திருக்கிறேன். எத்தனை பிள்ளைகள் என் தோளுக்கு மேலே அந்தக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே செரிங்க மிஸ், செரிங்க மிஸ் என்று சொல்லியிருப்பார்கள். நான் அதைக் கூச்சம் என்று எழுதியிருக்கிறேன்.

அன்றைக்கே கண்ணாடியில் சார்ட் பேப்பர் ஒட்டினேன். மத்தியானம் ஆயாம்மா வந்து கிழித்துவிட்டுப் போனார். பிள்ளைகளோடு தனியாக இருக்கிற எந்த அறைக்கும் கதவில் பார்க்கிற மாதிரி கண்ணாடி இருக்க வேண்டும், அது விதி என்று பிரின்சிபால் கூப்பிட்டுச் சொன்னார். எனக்கு அவரைப் பிடிக்காது. ஆனால் அது சரியான விதி. அதோடு சண்டை போட எனக்கு வழியில்லை.

ஆயாம்மாவைக் கூட்டிக்கொண்டு பீரோவை நகர்த்தினேன். மேஜையைத் திருப்பினேன். பிள்ளை உட்காரும் நாற்காலியைப் பீரோவின் ஓரத்துக்குக் கொண்டுபோனேன். வெளியிலிருந்து பார்த்தால் அவர்கள் கால் மட்டும்தான் தெரியும். முகம் என்று தெரிவது என் முகம்தான். முதல் நாளே தெரிந்துவிட்டது, அது எவ்வளவு கேவலம் என்று. ஒவ்வொரு இன்டர்வெல்லுக்கும் ஒரு கூட்டம் நின்று வேடிக்கை பார்க்கிறது. ஒருவன் நாக்கை நீட்டினான். எழுந்துபோய் நான்கு வார்த்தை கேட்கலாம் போல் இருந்தது. உட்கார்ந்திருந்தேன்.

அந்த வியாழன் அவள் வரவில்லை. அடுத்த வியாழனும் வரவில்லை. ஆள் அனுப்பிக் கூப்பிடலாமா என்று இரண்டு முறை ஸ்டாஃப் ரூம் வரை போய்த் திரும்பினேன். மூன்றாவது வாரம், இரண்டாம் பீரியடில் கதவைத் தட்டினாள். உள்ளே வரவில்லை. வாசலில் நின்றபடியே அறையைச் சுற்றிப் பார்த்தாள். நாற்காலி எங்கே இருக்கிறது, அங்கிருந்து கதவு தெரிகிறதா என்று கணக்குப் போட்டாள்.

"அஞ்சு நிமிசந்தான் இருப்பேனுங்க. நீங்க எதுங் கேக்கக்கூடாது."

"கேக்கல."

உட்கார்ந்தாள். மடியில் கையைக் கோத்துக்கொண்டாள். நான் வாயை மூடிக்கொண்டு கண்ணாடிக்கு வெளியே போகிறவர்களைப் பார்த்தேன். இரண்டு நிமிடம் போயிற்று. மூன்றாவது நிமிடத்தில் அவளுடைய வலது கை மடியிலிருந்து எழுந்து தலைக்குப் போயிற்று. பார்க்காதது போல் இருந்தேன். எதையும் கேட்காமல் இருப்பதற்கு மேஜைக்கு அடியில் என் இரண்டு கைகளும் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டிருந்தன.